வலி நின்னுடுச்சு, இனி ரூட் கேனால் எதுக்கு?

கேள்வி: கடைவாய்ப் பல்லு ராத்திரி தூங்க விடாம வலிச்சுது, டாக்டர் எக்ஸ்ரே பாத்துட்டு ரூட் கேனால் பண்ணணும்னாரு. மாத்திரை போட்டதும் வலியே இல்ல. அப்படியே விட்டுடலாமா?

பதில்: தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. அவ்வளவு வலிச்ச பல்லு திடீர்னு அமைதியாச்சுன்னா மாத்திரை வலிய மறைச்சிருக்கலாம், இல்லன்னா உள்ள இருக்கற நரம்பு செத்துப்போயிருக்கலாம், எப்படின்னாலும் கிருமி அங்கயேதான் இருக்கும், மெதுவா வேர் நுனி வழியா எலும்புக்குள்ள எறங்கி சீழ் வைக்கும். நரம்பு செத்தா பல்லுக்குள்ள ரத்த ஓட்டமும் இருக்காது, அதனால ஆன்டிபயாடிக் எவ்வளவு முழுங்கினாலும் அங்க போய்ச் சேராது, இத நெறைய பேர் புரிஞ்சுக்கறதே இல்ல.

ட்ரீட்மென்ட்ட நெனச்சு பயப்படாதீங்க, மரத்துப்போக ஊசி போட்டுட்டுதான் ஆரம்பிப்பாங்க. பல்லுக்குள்ள கெட்டுப்போன சதைய எடுத்துட்டு, வேர்க்குழாய மெல்லிசான ஃபைல் (ஊசி மாதிரி சின்ன அரம்) வச்சு சுத்தம் பண்ணி, சோடியம் ஹைப்போகுளோரைட்ங்கற கிருமிநாசினி விட்டுக் கழுவி, கட்டா பெர்ச்சாங்கற ரப்பர் மாதிரியான பொருள வச்சு அடைப்பாங்க. மேல் கடைவாய்ப் பல்லுல பல பேருக்கு 4 குழாய் இருக்கும், ஒண்ண விட்டாலும் திரும்ப இன்ஃபெக்‌ஷன் வரலாம், அதனால நேரம் எடுத்தா பொறுமையா இருங்க.

முடிஞ்சதும் கேப் (பல்லு மேல மாட்டற உறை) போடறத தள்ளிப்போடாதீங்க, இல்லன்னா கடைவாய்ப் பல்லு மெல்லும்போது பொளந்துடலாம், அப்புறம் பிடுங்க வேண்டி வரலாம்.

முகம் வீங்கி காய்ச்சலோ, முழுங்க மூச்சுவிட கஷ்டமோ வந்தா அப்பாயின்ட்மென்ட்டுக்கெல்லாம் காத்திருக்காம உடனே எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.