வேகத்துக்கு 3 மதிப்பெண்

கேள்வி: கொருக்குப்பேட்டையில் நண்பர்கள் பதினோரு பேர் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் திரை கட்டிப் படம் பார்க்கிறோம். விருது வாங்கிய படங்கள் என்று ஐந்தைத் தேர்ந்தெடுத்தோம்: இத்தாலியின் 'பைசைக்கிள் தீவ்ஸ்', வங்காளத்தின் 'பதேர் பாஞ்சாலி', ஈரானின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்', நம்முடைய 'காக்கா முட்டை', தென்கொரியாவின் 'பாரசைட்'. கதை 25, வேகம் 25, நடிப்பு 20, ஒளிப்பதிவு 15, கருத்து 15 என்று பிரித்து எல்லோரும் மதிப்பெண் போட்டுச் சராசரி எடுத்தோம். பாரசைட் 91, ஈரான் படம் 84, காக்கா முட்டை 79, இத்தாலிப் படம் 70. பதேர் பாஞ்சாலி 58 வாங்கிக் கடைசி. வேகத்துக்கு வெறும் 3. இதனால் எங்களுக்குள் பெரிய சண்டை. எது உண்மையிலேயே உயர்ந்த படம்? விருதுக் குழுக்கள் எப்படித்தான் ஒப்பிடுகின்றன? மதிப்பெண் தாளை இணைத்திருக்கிறேன்.
— ஒரு வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: தாளைப் பார்த்தேன். கோடு போட்டு, கட்டம் பிரித்து, ஓரத்தில் பதினோரு பேரின் கையெழுத்தும் வாங்கியிருக்கிறீர்கள். கூட்டலில் ஒரு பிழை இல்லை. முதல் படம் ஓடத் தொடங்குவதற்கு முன்பே பிழை நடந்துவிட்டது. நூற்றில் கால் பங்கை வேகத்துக்கு எழுதிவைத்த அன்றே பதேர் பாஞ்சாலி தோற்றாயிற்று. பிறகு அதை ஏன் மெனக்கெட்டுப் பார்த்தீர்கள் என்றுதான் தெரியவில்லை.

காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போகிறவர்கள்தானே நீங்கள்? வஞ்சிரத்தைத் துண்டு போட்டுத் தருவார்கள், நெத்திலியைக் கூறு கட்டி வைத்திருப்பார்கள். 'துண்டு எவ்வளவு கனம்?' என்று ஒரு கட்டம் போட்டு அதற்கு 25 மதிப்பெண் வைத்தால் நெத்திலிக்குப் பூஜ்யம்தான் விழும். நெத்திலி வாங்க வந்தவர் யாரும் அதில் துண்டு கேட்பதில்லை.

விருதுக் குழுக்கள் எப்படி ஒப்பிடுகின்றன என்கிறீர்கள். உங்களைப் போலத்தான், சண்டை போட்டுக்கொண்டு. 1956ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் பதேர் பாஞ்சாலி கலந்துகொண்டது. அந்த ஆண்டு அங்கே முதல் பரிசான தங்கப்பனை எதற்குப் போனது தெரியுமா? கடலுக்கடியில் எடுத்த ஓர் ஆவணப்படத்துக்கு. குஸ்தோவும் லூயி மாலும் எடுத்த படம். மீனும் பவளப்பாறையும் முங்குநீச்சல்காரர்களும்தான் அதன் பாத்திரங்கள். ஒரு பக்கம் கடலடி உலகம், இன்னொரு பக்கம் வங்காளக் கிராமத்தில் மிட்டாய்க்காரர் பின்னால் ஓடும் இரண்டு பிள்ளைகள். இரண்டையும் எந்தத் தராசில் வைப்பது? சத்யஜித் ரேயின் படத்துக்குச் 'சிறந்த மனித ஆவணம்' என்று ஒரு தனி விருதைக் கொடுத்தார்கள். 1997இல் கியாரொஸ்தாமியின் ஈரானியப் படத்துக்கும் இமாமுராவின் ஜப்பானியப் படத்துக்கும் தங்கப்பனையைப் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் ஓர் அறையில் உட்கார்ந்து எடுக்கிற முடிவு அது. அடுத்த ஆண்டு வேறு ஆட்கள், வேறு முடிவு.

ஆஸ்கார் இன்னொரு வகை. அங்கே ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் அவரவர் இடத்திலிருந்து வாக்குப் போடுகிறார்கள். சர்வதேசப் படப் பிரிவுக்கு ஒரு நாடு ஆண்டுக்கு ஒரு படம்தான் அனுப்பலாம். ஆகவே பாதிப் போட்டி அந்தந்த ஊரிலேயே முடிந்துவிடும். உங்கள் ஐந்து படங்களும் ஒரே பந்தயத்தில் ஓடியவை இல்லை. டி சிகாவின் சைக்கிள் படத்துக்கு 1950இல் ஆஸ்கார் கிடைத்தபோது அயல்மொழிப் படங்களுக்கென்று போட்டியே கிடையாது, கௌரவ விருதாகத்தான் கொடுத்தார்கள். மஜீத் மஜீதியின் ஈரான் படம் இறுதிப் பட்டியல் வரைக்கும் போய் 1999இல் ஓர் இத்தாலியப் படத்திடம் தோற்றது. மணிகண்டனின் காக்கா முட்டைக்குக் கிடைத்தது சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருது. இரண்டு பையன்களுக்கும் சிறந்த குழந்தை நட்சத்திர விருது. போங் ஜூன்-ஹோவின் பாரசைட் 2019இல் தங்கப்பனையையும், அடுத்த பிப்ரவரியில் சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கார்களையும் அள்ளியது. ஆங்கிலம் அல்லாத மொழிப் படம் ஒன்றுக்குச் சிறந்த படம் என்ற ஆஸ்கார் கிடைத்தது அதுவே முதல்முறை. பெரிய சாதனைதான். அதற்காக உங்கள் 91ஐ நான் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

உங்கள் தாளில் குறிப்பு என்ற கட்டத்தில் எழுதியிருப்பவை மதிப்பெண்களைவிடச் சுவையானவை. இத்தாலிப் படத்துக்கு எதிரே, 'கதாநாயகன் முகத்தில் உணர்ச்சி குறைவு' என்று எட்டு மதிப்பெண் வெட்டியிருக்கிறீர்கள். அவர் நடிகரே இல்லை ஐயா, தொழிற்சாலைத் தொழிலாளி. அந்த முகத்துக்காகத்தான் அவரைக் கூட்டிவந்தார்கள். காக்கா முட்டைக்கு எதிரே, 'பேச்சு சில இடங்களில் செயற்கை' என்று மூன்று மதிப்பெண் போயிருக்கிறது. கொரியப் படத்தில் பேச்சு இயல்பா செயற்கையா என்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? அங்கே வசனத்தைப் படித்தீர்கள், இங்கே கேட்டீர்கள். காது கேட்டதற்குத் தண்டனை, கேட்காததற்குப் பரிசு! 'கருத்து' என்ற கட்டத்தில் ஈரான் படத்துக்கு 15க்கு 15 போட்டு, 'பொறுமை வேண்டும்' என்று எழுதியிருப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. பள்ளிக்கூடச் சுவரில் எழுதும் வாசகத்துக்காக யாரும் படம் எடுப்பதில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அப்படியானால் ஒப்பிடவே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாக ஒப்பிடலாம், ஒப்பிடாமல் ரசனை வளராது. அதற்கு ஐந்து படங்களுக்கும் பொதுவாக ஒரு கேள்வியைக் கண்டுபிடிக்க வேண்டும். உங்களையும் அறியாமல் நல்ல ஐந்தாகத்தான் பொறுக்கியிருக்கிறீர்கள். ஐந்திலுமே ஏதோ ஒன்று கைமாறுகிறது. ஒருவருடைய பொருள் இன்னொருவரிடம் போகிறது. அதைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

இத்தாலிப் படத்தில் சைக்கிளை மீட்பதற்காக வீட்டுப் படுக்கை விரிப்புகளை அடகு வைக்கிறார்கள். கடை ஊழியர் அந்த மூட்டையை எடுத்துக்கொண்டு அடுக்கின் மேல் ஏறுகிறார், ஏறுகிறார், ஏறிக்கொண்டே இருக்கிறார். கூரை வரைக்கும் மூட்டைகள். அத்தனையும் யார் யாரோ அடகு வைத்த விரிப்புகள். ஒரு வார்த்தை வசனம் இல்லாமல் ஒரு நகரமே தரையில் படுக்கிறது என்று சொல்லியாகிவிட்டது. பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தில் வண்ணாரப்பேட்டை அடகுக்கடை வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு இதில் உணர்ச்சி குறைவாகத் தெரிந்தது எனக்கு வியப்பு. கடைசியில் அந்தத் தகப்பனே ஒரு சைக்கிளைத் திருடி மகன் கண் முன்னால் பிடிபடுகிறார். இசை கொஞ்சம் அதிகமாக அழுகிறது என்பது என் குறை. அதற்கு நீங்கள் மதிப்பெண் வெட்டியிருந்தால் கைகுலுக்கியிருப்பேன்.

ஈரான் படத்தில் தொலைந்த காலணி இன்னொரு சிறுமியின் காலில் இருக்கிறது. அண்ணனும் தங்கையும் அவள் வீடு வரைக்கும் பின்னாலேயே போகிறார்கள். அவளுடைய அப்பாவுக்குக் கண் தெரியாது என்று பார்க்கிறார்கள். பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். பிறகு அந்த அண்ணன் ஓட்டப்பந்தயத்தில் மூன்றாம் பரிசுக்காக ஓடுகிறான், அதுதான் காலணி. தவறிப்போய் முதலாவதாக வந்து அழுகிறான். பரிசுகளைப் பற்றி உங்கள் சங்கத்துக்கு நான் சொல்ல வேண்டியதை அவனே சொல்லிவிட்டான்.

காக்கா முட்டைப் பையன்கள் தண்டவாளத்தின் ஓரம் சிந்திய நிலக்கரியைப் பொறுக்கி விற்கிறார்கள், ஒரு பீட்சாவுக்காக. சரக்கு ரயில் போகும் ஊர்க்காரருக்கு இதற்கு உரை தேவையில்லை. பின்பாதியில் தொலைக்காட்சியும் அரசியல்வாதியும் நுழைந்ததும் படம் கொஞ்சம் தளர்கிறது. ஆனால் பாட்டி பீட்சா என்று சொல்லிச் சுட்டுக்கொடுக்கிற தோசைக்கு நிகரான காட்சி இந்த ஐந்தில் குறைவு. பாரசைட் குடும்பம் அடுத்தவர்களின் வேலையையே பிடுங்கிக்கொள்கிறது. நீங்கள் மயங்கிய வேகம் அதில் உண்டு, மறுக்கவில்லை. எனக்குப் பிடித்த பகுதி மழை இரவு. மேட்டு வீட்டிலிருந்து படி படியாக இறங்கி இறங்கி, கடைசியில் சாக்கடை நீர் நிரம்பிய தங்கள் நிலவறை வீட்டுக்கு வந்து சேர்கிறார்கள். மறுநாள் காலை மேட்டு வீட்டு அம்மாள், மழை வந்தது நல்லதாயிற்று, காற்று சுத்தமாகிவிட்டது என்று தொலைபேசியில் மகிழ்கிறார். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் கட்டில்மேல் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்த நம் ஆட்கள் மாடியில் அதைப் பார்த்தபோது சிரித்தார்களா, பேசாமல் இருந்தார்களா? தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

இனி கடைசி இடம். 1950இல் ரே லண்டனில் அந்தச் சைக்கிள் படத்தைப் பார்த்த பிறகுதான், அதைப் போல வெளியிடங்களில், பழகாத முகங்களை வைத்து எடுத்துவிடலாம் என்ற துணிவு அவருக்கு வந்தது. நீங்கள் நான்காம் இடம் கொடுத்த படம், கடைசி இடம் கொடுத்த படத்துக்குத் தகப்பன் முறை.

எது உயர்ந்தது என்ற கேள்விக்கு நழுவாமல் பதில் சொல்கிறேன்: எனக்குப் பதேர் பாஞ்சாலி. முதல்முறை பார்த்தபோது நானும் தூங்கினேன், இருபத்திரண்டு வயதில், பக்கத்து இருக்கைக்காரர் தோளில். இரண்டாம்முறை அந்தக் கழுத்துமாலை வரும் காட்சியில் விழித்துக்கொண்டேன். துர்கா பாசிமணி மாலையைத் திருடினாள் என்று பக்கத்து வீட்டார் பழி சொல்ல, அவள் இல்லவே இல்லை என்கிறாள். அவள் இறந்த பிறகு, ஊரைவிட்டுக் கிளம்பும் நேரத்தில், தம்பி அப்புவின் கையில் அந்த மாலை கிடைக்கிறது. யாரிடமும் சொல்லாமல் குளத்தில் வீசுகிறான். பாசி விலகி வழிவிடுகிறது. பிறகு மெல்ல மெல்ல மூடிக்கொள்கிறது. அது மூடிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கேமரா காத்திருக்கிறது. அதுதான் அந்தப் படத்தின் வேகம்.

இன்னொன்று. 'ரயில் காட்சியின்போது நிஜமாகவே சரக்கு ரயில் போனதால் ஒன்றும் கேட்கவில்லை' என்று குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். தந்திக் கம்பத்தில் காதை வைத்துக் கேட்டு, நாணல் பூத்த வெளியில் அந்தப் பிள்ளைகள் ஓடி ஓடிப் பார்த்தது ரயிலைத்தான். கொருக்குப்பேட்டை கேட்டில் தினமும் நின்று நாம் திட்டுகிறோமே, அதே ரயில்.

தாளை மறுபடி உற்றுப் பார்த்தேன். வேகம் என்ற கட்டத்தில் பத்துப் பேர் 1, 2 என்று போட்டிருக்க, ஒருவர் மட்டும் 20 போட்டிருக்கிறார். சராசரி அவரை விழுங்கிவிட்டது. கையெழுத்து புரியவில்லை. அவர் யார் என்று கண்டுபிடியுங்கள். அடுத்த ஞாயிறு படம் வேண்டாம், அவரைப் பேசவிடுங்கள். கேட் போட்டிருக்கும்போது ஆரம்பித்தால் இன்னும் நல்லது. நிறைய நேரம் கிடைக்கும்.