பூனை முடிக்கு ஊசி எதற்கு?

கேள்வி: எனக்கு 24 வயது. மன்னார்குடி பக்கம் கிராமம். தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். கன்னத்திலும் மேலுதட்டிலும் மெல்லிய முடி இருக்கிறது. தாடையில் ஐந்தாறு முடி மட்டும் கறுப்பாக, முரடாக வளர்கிறது. பிளக்கரால் பிடுங்கினாலும் திரும்ப வந்துவிடுகிறது. எலக்ட்ரோலிசிஸ் செய்தால் இரண்டே சிட்டிங்கில் முகம் முழுக்கச் சுத்தமாகிவிடும் என்று தஞ்சாவூரில் ஒரு பார்லரில் சொன்னார்கள். செய்துகொள்ளலாமா டாக்டர்? பீரியட்ஸும் எனக்கு 45 நாள், 50 நாள் என்று தள்ளித்தான் வரும்.

பதில்: முதலில் சொல்லியிருக்க வேண்டியதைக் கடைசி வரியில் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு அப்புறம் வருகிறேன். கேட்டது எலக்ட்ரோலிசிஸ் ஊசியைப் பற்றி, அதை முடித்துவிடுவோம்.

உங்கள் முகத்தில் இருப்பது இரண்டு வகை முடி. கன்னத்தில் இருப்பது பூனை முடி. எல்லாப் பெண்களுக்கும் உண்டு. பெண்ணின் முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, "இங்க பாருங்க டாக்டர்" என்று காட்டாத அம்மாவை நான் பார்த்ததில்லை; அந்த அம்மா கன்னத்திலும் அதே முடி மின்னிக்கொண்டிருக்கும். எலக்ட்ரோலிசிஸ் என்பது ஒவ்வொரு முடியின் துளையிலும் தனித்தனியாக ஊசி நுழைத்துச் செய்கிற வேலை. கன்னம் முழுக்க இருக்கும் பூனை முடிக்கு அதைச் செய்வது பணத்துக்கும் கேடு, தோலுக்கும் கேடு. உறுத்தலாக இருந்தால் த்ரெட்டிங் செய்யுங்கள், இல்லை முகத்துக்கான சின்ன ரேசரால் எடுத்துவிடுங்கள்.

"ரேசர் பட்டால் மீசை முளைக்கும்" என்று வீட்டில் தடுப்பார்கள். முளைக்காது. அறுவடை முடிந்த வயலில் வெறுங்காலோடு நடந்தால் அரிதாள் குத்துகிறதே, அதனால் பயிர் தடித்துவிட்டது என்று யாராவது சொல்வார்களா? வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் சொரசொரவென்று தெரிகிறது, அவ்வளவுதான்.

தாடையில் இருக்கும் ஐந்தாறு முரட்டு முடிக்கு எலக்ட்ரோலிசிஸ் நல்ல வழிதான். கோரையை மேலாகப் பிடுங்கினால் கிழங்கு மண்ணிலேயே இருந்து மறுபடி தழைக்கும் இல்லையா? பிளக்கர் செய்வது அதைத்தான். இந்த ஊசி கிழங்கைத் தேடிப் போகிறது. ஒரே திசையில் ஓடும் மின்சாரம் கொடுத்தால், திசுவில் இருக்கும் உப்புத் தண்ணீரிலிருந்து ஊசி முனையில் துளி காஸ்டிக் சோடா உண்டாகி வேரை அழிக்கும். இன்னொரு வகையில் சூட்டால் பொசுக்குவார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்வதும் உண்டு. பழைய முறைதான்: இமை முடி உள்நோக்கி வளர்ந்து கண்ணைக் குத்திய நோயாளிகளுக்கு இப்படிச் செய்ததை சார்லஸ் மிஷெல் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் 1875-இல் எழுதி வைத்தார்.

ஆனால் இரண்டு சிட்டிங் கணக்கு பொய். எந்த நாளிலும் சில வேர்கள் உறங்கிக்கொண்டிருக்கும். முதல் களையெடுப்பின்போது முளைக்காத களை அடுத்த களையெடுப்புக்குத்தானே கிடைக்கும்? வேலை முழுதாக முடிய ஒரு வருடம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும்.

அடுத்ததாக "அப்போ லேசர் போடலாம்" என்பார்கள். லேசர் தேடுவது முடியின் கறுப்பை. பூனை முடியில் அது போதாது. நம் மாதிரி மாநிறப் பெண்களின் கன்னத்தில் போட்டு, மெல்லிய முடி முன்பைவிடத் தடிப்பாக வளர்ந்ததும் உண்டு.

எலக்ட்ரோலிசிஸ் செய்வதானால் தோல் மருத்துவரிடம் செய்யுங்கள். புது ஊசியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். ஒருவர் ஊசியை இன்னொருவருக்குப் போட்டால் மஞ்சள் காமாலைக் கிருமிகூடத் தொற்றும். சில வாரம் முன்பிருந்தே பிடுங்காதீர்கள், துளையில் முடி இருந்தால்தான் ஊசிக்கு வழி தெரியும். கத்தரித்துக்கொள்ளலாம். செய்த இடம் சில மணி நேரம் சிவந்திருக்கும், பிறகு பொடிப் பொருக்கு வரும். அதைக் கிள்ளினாலோ வெயிலில் அலைந்தாலோ நம் தோலில் கரும்புள்ளி விழுந்து மாதக்கணக்கில் நிற்கும். காது குத்திய இடத்தில் தழும்பு புடைத்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கல்யாணத்துக்கு முந்தைய மாதம் மட்டும் ஊசிப் பக்கமே போக வேண்டாம். மணமேடையில் பொருக்கோடு உட்காருவதற்கு ஒரு த்ரெட்டிங் எவ்வளவோ தேவலை.

சரி, அந்தக் கடைசி வரி. தாடையில் முரட்டு முடி, 45, 50 நாள் தள்ளிப் போகும் பீரியட்ஸ் இரண்டும் சேர்ந்தால் முதலில் நினைப்பது பி.சி.ஓ.எஸ்., அதாவது ஆண் ஹார்மோன் கூடி, சினைப்பை ஒழுங்காக வேலை செய்யாத கோளாறு. பருவும், கழுத்து மடிப்பில் கறுப்பும் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு, புரொலாக்டின் ஆகிய ஹார்மோன்களையும் சர்க்கரையையும் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் ஸ்கேன். ஹார்மோனைக் கவனிக்காமல் முடியை மட்டும் எரித்தால் பக்கத்துத் துளையில் புதிது முளைக்கும். மாத்திரைகள் இருக்கின்றன, முடியில் பலன் தெரிய ஆறு மாதம் ஆகும். அவற்றில் ஸ்பைரோனோலாக்டோன் போன்றவை கர்ப்பத்தில் ஆகாது. அதனால் கல்யாணத் தேதியையும் குழந்தை பற்றிய எண்ணத்தையும் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். முடி திடீரென்று வேகமாக வளர்ந்தாலோ குரல் கட்டையானாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். கடைசி மூன்று பீரியட்ஸ் தேதியைக் குறித்து எடுத்துக்கொண்டு போங்கள். போகிற அன்று காலையில் தாடை முடியைப் பிடுங்கிவிட்டுப் போகாதீர்கள். நிறையப் பேர் அப்படித்தான் வந்து உட்காருகிறார்கள், பார்க்க ஒன்றும் இருப்பதில்லை.