சுரங்கத்துக்கு அனுமதி, ஆலைக்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

டென்வரிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் குடும்பத்தோடு மோவாப் போகும் வழியில், கொலராடோ நெடுஞ்சாலை 141-ல் யுரவான் என்ற இடத்தைக் கடந்தோம். ஊர் என்று வரைபடத்தில் இருக்கிறது. நேரில் பார்த்தால் வேலியும் வெற்று நிலமும்தான். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோது, பக்கத்து யூட்டா மாநிலத்தில் வெல்வெட்-வுட் என்ற பழைய யுரேனியம், வனேடியம் சுரங்கத்துக்கு 2025-ல் இரண்டே வாரத்துக்குள் அனுமதி கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஓர் ஊரையே இடித்துப் புதைக்க வைத்த தொழிலை இவ்வளவு அவசரமாக ஏன் திரும்பக் கொண்டுவருகிறார்கள்? நான் அணுமின்சாரத்துக்கு எதிரி இல்லை. ஆனாலும் இது சரியாகப் படவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் கோபம் அந்த இரண்டு வாரத்தின் மேல் இருக்கிறது. எனக்கு அது இரண்டாம்பட்சம். யுரவானும் வெல்வெட்டும் இருக்கும் கொலராடோ பீடபூமியில் அனுமதிக் காகிதம் மட்டும் எந்தச் சுரங்கத்தையும் ஓட்டியதில்லை. தாதுவுக்கு விலை வேண்டும், அதை அரைத்துப் பிரிக்க ஓர் ஆலை வேண்டும். இரண்டில் ஒன்று போனாலும் சுரங்க வாசலில் பூட்டுத்தான். யுரவானுக்கு நடந்தது அதுதான்.

அங்கே கிடைப்பது கார்னோடைட் என்ற மஞ்சள் தாது. மணற்கல்லில் படிந்திருக்கும், கல்லாகிப்போன மரத்துண்டுகளில் செறிவாக இருக்கும். யுரேனியம், வனேடியம், மிகமிகக் கொஞ்சம் ரேடியம், மூன்றும் ஒரே கல்லில். முதலில் ரேடியத்துக்காக வந்தார்கள். பிட்ஸ்பர்க்கின் ஃப்ளானரி சகோதரர்கள் வனேடியம் வியாபாரத்தில் பணம் பார்த்தவர்கள். சகோதரிக்குப் புற்றுநோய் வந்தபோது ரேடியம் தேடி அலைந்து, கடைசியில் தாங்களே எடுப்பது என்று இறங்கினார்கள். 1921-ல் அதிபர் ஹார்டிங் வெள்ளை மாளிகையில் மேரி கியூரிக்கு ஒரு கிராம் ரேடியம் பரிசளித்தார் அல்லவா, அது இவர்களுடைய நிறுவனம் கொலராடோ தாதுவிலிருந்து எடுத்தது. விலை ஒரு லட்சம் டாலர், அமெரிக்கப் பெண்கள் நன்கொடை திரட்டிக் கொடுத்தது. அந்த ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 500 டன் தாதுவைக் கரைத்திருக்கிறார்கள். அந்தத் தாதுவும் சும்மா வந்துவிடவில்லை. ஆள் நடமாட்டமில்லாத பள்ளத்தாக்குகளிலிருந்து கழுதை முதுகில் மூட்டைகட்டிக் கொண்டுவந்தது.

அப்புறம் பெல்ஜியத்தின் கையிலிருந்த காங்கோவிலிருந்து பலமடங்கு செறிவான தாது சந்தைக்கு வந்தது. ரேடியம் விலை சரிந்தது, கொலராடோவில் தொழில் படுத்துவிட்டது. கல் அப்படியே இருக்க, அதைக் கேட்பவர்கள்தான் இல்லை.

1936-ல் யுரவான் ஊர் பிறந்தது வனேடியத்துக்காக. எஃகை உறுதியாக்க அது தேவைப்பட்டது. ஊரைக் கட்டியது யூனியன் கார்பைடின் துணை நிறுவனம். ஆமாம், போபாலின் அதே யூனியன் கார்பைடு. அப்போது அவர்களுக்கு யுரேனியம் குப்பை. ஆலைக் கழிவோடு கழிவாகக் கொட்டிவைத்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், அணுகுண்டு செய்யும் மன்ஹாட்டன் திட்டத்து ஆட்கள் வந்து அந்தக் குப்பையையே திரும்பக் கரைத்து யுரேனியம் எடுத்தார்கள். வெளியே சொன்னதெல்லாம் வனேடியம் என்றுதான். திட்டத்துக்குக் கிடைத்த யுரேனியத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு இந்தப் பீடபூமியிலிருந்து போனது என்று கணக்கு.

போருக்குப் பிறகு அமெரிக்க அரசின் அணுசக்தி ஆணையம் யுரேனியத்தை விலையை உறுதிசெய்து வாங்கியது. 1970 வரை அந்த வாங்கல் நடந்தது. பிறகு மின் நிலையங்களை நம்பிய காலம். 1979-ல் த்ரீ மைல் தீவு அணுமின் நிலைய விபத்து வந்தது, புதிய அணு உலைகளுக்கான ஆர்டர்கள் ரத்தாயின. 1984-ல் யுரவான் ஆலை மூடியது. 1986-ல் நச்சுக்கழிவுத் தலங்களின் தேசியப் பட்டியலில் ஊர் சேர்ந்தது. வீடுகளையும் தெருக்களையும் எடுத்துப் புதைத்துச் சுத்தம் செய்து முடிக்க இருபது வருடத்துக்கு மேல் ஆனது. பழைய ஊர்க்காரர்கள் அங்கே ஒன்றுகூடிப் பிக்னிக் நடத்துவது உண்டு. அவர்களில் பலருக்கு அந்த ஊரைப் பற்றிப் பிரியம்தான் அதிகம், கோபம் இல்லை. தூரத்திலிருந்து பார்க்கும் நமக்கு இது புரியக் கொஞ்சம் நேரம் ஆகும்.

வெல்வெட்டுக்கு வருகிறேன். அட்லஸ் நிறுவனம் 1979 முதல் 1984 வரை நடத்திய சுரங்கம் அது. சுமார் 4 லட்சம் டன் தாது, அதிலிருந்து ஏறக்குறைய 40 லட்சம் பவுண்டு யுரேனிய ஆக்சைடும் 50 லட்சம் பவுண்டு வனேடிய ஆக்சைடும். யுரவான் மூடிய அதே ஆண்டில் இதுவும் மூடியது, மோவாபில் இருந்த அட்லஸ் ஆலையும் மூடியது. அந்த ஆலை விட்டுப்போன 1.6 கோடி டன் கழிவு கொலராடோ ஆற்றின் கரையிலேயே கிடந்தது. அதை 2009-ல் ரயிலில் ஏற்றி முப்பது மைல் வடக்கே கொண்டுபோய்ப் புதைக்கத் தொடங்கினார்கள். செலவு அரசுடையது. நிறுவனம் திவாலாகிவிட்டது. மோவாப் போனீர்கள் என்றீர்களே, ஊருக்குள் நுழையும் பாலத்தின் பக்கத்தில்தான் அது.

இப்போது ஏன் திறக்கிறார்கள்? 2024 ஜனவரியில் யுரேனியம் விலை பவுண்டுக்கு 100 டாலரைத் தாண்டியது. அதே ஆண்டு மே மாதம் ரஷ்ய யுரேனிய இறக்குமதிக்குத் தடைச் சட்டம் வந்தது. 2025 மே மாதம் அரசு நிலங்களைக் கவனிக்கும் உள்துறை, எரிசக்தி அவசரநிலையைக் காட்டி வெல்வெட்-வுட் பரிசீலனையைப் பதினொரு நாளில் முடித்தது. புதிதாகக் கிளறப்படும் நிலம் மூன்று ஏக்கர்தான், ஏற்கெனவே தோண்டிய சுரங்கம் என்பது அவர்கள் வாதம். நிலத்தின் மேற்பரப்பைப் பொறுத்தவரை அது நியாயமான வாதம் என்றே சொல்வேன்.

ஆனால் தாது எங்கே போகும்? அமெரிக்காவில் இன்று ஓடும் பழைய பாணி யுரேனிய ஆலை ஒன்றே ஒன்று, யூட்டாவின் பிளாண்டிங் அருகே இருக்கும் வைட் மெசா. அது வேறு நிறுவனத்துடையது. அதன் பக்கத்தில் வாழும் யூட் பழங்குடியினர் பல வருடங்களாக நிலத்தடி நீரைச் சொல்லிப் போராடுகிறார்கள். வெல்வெட்டின் உரிமையாளரான ஆன்ஃபீல்ட் நிறுவனம் நம்பியிருப்பது ஷூட்டரிங் பள்ளத்தாக்கில் உள்ள தங்கள் ஆலையை. அது 1982-ல் சில மாதங்கள் ஓடியது. அவ்வளவுதான், பிறகு ஓடவே இல்லை. சுரங்கத்துக்குப் பதினொரு நாள் எடுத்தவர்களால் ஆலையை அப்படி எழுப்பிவிட முடியாது.

உடல்நலம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லாமல் விட முடியவில்லை. ஐரோப்பியச் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரல் நோய் புற்றுநோய்தான் என்று 1879-லேயே மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 1950-ல் ஆய்வு தொடங்கியது. அந்தப் புற்றுநோயை உண்டாக்குவது கல்லிலிருந்து கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயு, காற்றோட்டம் செய்தால் அது குறையும் என்பதும் தெரியும். ஆனாலும் நாடு தழுவிய கட்டாய வரம்பு வர 1960-களின் கடைசி ஆனது. அதற்குள் நவஹோ பழங்குடியினர் உட்பட ஏராளமானோர் சுவாசித்து முடித்திருந்தார்கள். இழப்பீட்டுச் சட்டம் வந்தது 1990-ல். அது 2024-ல் காலாவதியாகி, 2025 ஜூலையில்தான் மறுபடி உயிர்பெற்றது. வெல்வெட் அந்த வரம்புக்குப் பிந்திய சுரங்கம். இன்று உள்ளே இறங்குபவருக்கு அந்தக் காலத்து ஆபத்து இல்லை. பழைய சாவுகளைக் காட்டிப் புதிய சுரங்கத்தை எதிர்ப்பது அதனால் முழுக்கச் சரியாக வராது. கழிவைக் காட்டி எதிர்த்தால் சரியாக வரும்.

நீங்கள் அணுமின்சாரத்தை ஏற்றுக்கொண்டே இதைச் சந்தேகப்படலாம், அதில் முரண்பாடு இல்லை. ஷூட்டரிங் ஆலையின் உரிமத்தைக் கவனித்துவாருங்கள். அது யூட்டா மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் கையில் இருக்கிறது, பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கட்டம் அதில் வரும். கொலராடோக்காரர் என்றாலும் எழுதலாம். கழிவை மூடுவதற்காக நிறுவனம் கட்டும் பிணைத்தொகை எவ்வளவு, யுரேனியம் விலை பாதியாகி நிறுவனம் காணாமல் போனாலும் அது போதுமா என்று கேளுங்கள்.