திருவல்லிக்கேணி மருமகள் எப்படித் துப்பறிவாள்?

கேள்வி: 1925-இல் சென்னை திருவல்லிக்கேணியில் நடக்கும் ஒரு மர்ம நாவல் எழுதுகிறேன். எழுத்தாளராக ஆசைப்படும் 22 வயது அக்கிரகாரத்து மருமகள், பக்கத்து வீட்டுக் கொலையைத் துப்புத் துலக்குகிறாள். படித்துப் பார்த்த தோழி, "அந்தக் காலத்தில் பெண்களால் வாசலையே தாண்ட முடியாது, யார் நம்புவார்கள்?" என்கிறாள். கதையை லண்டனுக்கு மாற்றிவிடலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டவே வேண்டாம். அதே திருவல்லிக்கேணியில், அதே வருடத்தில், உங்கள் நாயகியைப் போன்ற ஒருவர் நிஜமாகவே இருந்தார். வை.மு.கோதைநாயகி 1901-இல் பிறந்து, ஐந்தரை வயதில் கல்யாணமாகி அங்கே வந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை, கதை சொல்லத் தெரியும் ஆனால் சரளமாக எழுத வராது, அதனால் முதல் நாடகத்தை அவர் வாயால் சொல்லச் சொல்ல ஒரு தோழி எழுதிக்கொடுத்தார். அப்படித் தொடங்கியவர் 1925-இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்று நடத்தி, நூறுக்கும் மேல் நாவல்கள் எழுதி, விடுதலைப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். அவருடைய ஆரம்ப நாவல்களில் துப்பறியும் கதையின் வாடை நன்றாகவே அடிக்கும்.

ஆனால் உங்கள் தோழி சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய அத்தியாயத்தில் அவள் தனியாக டிராம் ஏறிப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் இன்ஸ்பெக்டரை மடக்கி மடக்கிக் கேள்வி கேட்கிறாள், மாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இது இன்றைய பெண்ணுக்கு மடிசார் கட்டிவிட்டது போல இருக்கிறது. அவள் கைரேகைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் விஷயமும் அப்படித்தான். கல்கத்தாவில் 1897-இலேயே கைரேகை நிலையம் வந்துவிட்டது, ஆகவே காலப்பிழை இல்லை, ஆனால் அடுக்களையில் உட்கார்ந்து அவள் எதை எதோடு ஒப்பிடுவாள்? அதைப் போலீஸிடமே விட்டுவிடுங்கள்.

போலீஸால் நுழைய முடியாத இடங்களுக்கு அவளை அனுப்புங்கள். கிணற்றடி, அடுக்களை, துக்கம் கேட்கப் போன வீட்டின் உள்கட்டு. ஆண்கள் போக முடியாத அந்தப்புரப் பெண்களுக்குச் சட்ட ஆலோசனை சொல்வதற்கென்றே 1904-இல் வங்காளத்தில் சட்டம் படித்த கொர்னீலியா சொராப்ஜி என்ற பெண்ணை அரசாங்கம் நியமித்தது, அந்த அளவுக்கு உள்கட்டு மூடிக் கிடந்த காலம் அது. கொலையானவரின் மனைவியை யோசித்துப் பாருங்கள். பத்தாம் நாள் தலையை மழித்து மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள், அதற்குள் அவளிடம் பேசியாக வேண்டும், அவளைச் சுற்றி எப்போதும் நாலு பேர். உங்கள் கதைக்கு இதைவிடக் கொடுமையான கெடு தேவையா? நீங்கள் அந்தப் பெண்ணுக்கு ஒரே ஒரு பத்திதான் கொடுத்திருக்கிறீர்கள், அது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. கூப்பிடு தூரத்தில், கடற்கரை ஐஸ் ஹவுஸில், சகோதரி சுப்பலட்சுமி இளம் விதவைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். அவரே குழந்தை விதவை, 1911-இல் பட்டம் பெற்றவர். அந்த இல்லத்தில் படிக்கும் ஒரு பெண் உங்கள் நாயகிக்கு ஆங்கிலப் பத்திரம் ஒன்றைப் படித்துச் சொல்லலாமே.

அப்புறம், அவள் எழுத்தாளர் என்பது கதையில் வெறும் அலங்காரமாக நிற்கிறது, அதுதான் பெரிய குறை. நடந்ததை மூன்று பேரிடம் ஒரே சொற்களில், ஒரே வரிசையில் சொல்கிறவன் மனப்பாடம் செய்திருக்கிறான் என்பது கதை கட்டிப் பழகியவளுக்குத்தானே முதலில் உறைக்கும்? கோதைநாயகி மாதிரி அவளுக்கும் எழுதிக்கொடுக்க ஒரு தோழி இருக்கட்டும். அப்போது அவள் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு துப்பும் இன்னொருத்திக்கும் தெரிந்துவிடும், அந்த இன்னொருத்தி கொலைகாரன் வீட்டுக்குப் பெண் கொடுத்த குடும்பத்தைச் சேர்ந்தவளாக இருந்தால் அவள் என்ன செய்வாள், எதை எழுதாமல் விடுவாள் என்று நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

டிராம் காட்சியை எடுத்துவிட்டு, அந்தப் பத்து நாட்களை முதலில் எழுதுங்கள். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், கட்டாயம் படிக்கிறேன்.