இரண்டாம் உலகப்போரில் மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ஹெர்மிஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலின் மாலுமிகளை ஊர்க்காரர்கள் யாராவது நினைப்பதுண்டா?

எங்கள் வீட்டில் நினைப்போம். நான் கல்லடியில் பிறந்தவன். அப்பா கடல் தொழில் செய்தவர், அப்பப்பா கரைவலைக்காரர்.

1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை. சித்திரை வருடப்பிறப்புக்கு நாலைந்து நாள்தான் இருந்தது. காலையில் வலை இழுத்துக்கொண்டு நின்றபோது கடலுக்குள் இடி விழுகிற மாதிரிச் சத்தம் கேட்டதாம். வானத்தில் மழைமுகில் ஒன்றும் இல்லை. பிறகு தெற்கே புகை எழும்பியது. "வலையை விட்டிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றோம், மகன்" என்று அப்பப்பா அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். என்ன கப்பல், யார் அடித்தது என்பதெல்லாம் அவருக்குப் பின்னால்தான் தெரிந்தது.

நான் வளர்ந்த பிறகு தேடி வாசித்தேன். விமானம் தாங்கிக் கப்பலாகவே வடிவமைத்துக் கட்டத் தொடங்கிய முதல் கப்பல் ஹெர்மிஸ். அன்றைக்கு அதில் ஒரு விமானம்கூட இல்லை. அதன் விமானங்கள் திருகோணமலையில் தரையில் நின்றன. தாக்குதல் வருகிறது என்ற தகவலால் முதல் நாள் இரவே துறைமுகத்தை விட்டுத் தெற்கே வந்துவிட்டது. திரும்பிப் போகிற வழியில் ஜப்பானிய விமானங்கள் கண்டுகொண்டன. நாற்பது குண்டுகள் அளவில் விழுந்தன, இருபது நிமிடத்துக்குள் கப்பல் கீழே போனது. காப்பாற்ற அனுப்பிய போர் விமானங்கள் வந்துசேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இதை வாசித்த அன்று எனக்குச் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

கப்டன் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள். கூட வந்த ஆஸ்திரேலியக் கப்பல் வம்பயரில் அதன் தளபதியோடு 9 பேர். ஹொலிஹொக் என்ற சின்னக் காவல் கப்பலும் அன்றே மூழ்கியது, அதை யாரும் சொல்வதில்லை. வீட்டா என்ற வைத்தியக் கப்பல் ஏறத்தாழ 600 பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கியது. அதற்காக அந்தக் கப்பலின் பெயரையும் நான் மறக்கமாட்டேன்.

ஹெர்மிஸ் இன்றும் எங்கள் கரையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் அளவில், ஐம்பது மீட்டருக்கும் கூடிய ஆழத்தில், இடப்பக்கம் சரிந்து கிடக்கிறது. அதற்கு மேல் பாரை மீன் நன்றாகப் படும். அப்பாவும் அங்கே தூண்டில் போடப் போவார். போனால் சோற்றுப் பொதியைப் பிரித்ததும் முதல் பிடியைக் கடலில் போட்டுவிட்டுத்தான் சாப்பிடுவார். "கீழே பிள்ளைகள் கிடக்குதுகள்" என்பார். எங்கோ பிறந்த வெள்ளைக்காரப் பொடியன்கள் அவருக்குப் பிள்ளைகள். சின்ன வயதில் எனக்கு அது விளங்கவில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமியில் என் தங்கச்சி போனாள். உடல் கிடைக்கவே இல்லை. அம்மா மாதக்கணக்கில் கரையில் போய் நின்றாள். அப்போதுதான் விளங்கியது. அந்த 307 பேரின் தாய்மாருக்கு வந்து நிற்க இந்தக் கரைகூட இருக்கவில்லை.

அப்பாவும் இப்போது இல்லை. ஆடி அமாவாசைக்கு அமிர்தகழி மாமாங்கத்தில் தீர்த்தமாடி, அவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்வேன். அப்புறம் நேரே கல்லடிக் கடற்கரைக்கு வருவேன். தங்கச்சிக்கு நித்தியகல்யாணிப் பூ, அவளுக்குப் பிடித்தது. ஒரு பை நிறையக் கொண்டுபோவேன், அவளுக்கு மட்டும் என்றால் அவ்வளவு தேவையில்லை. ஏப்ரல் 9 அன்றும் போவேன். இரண்டு வருடமாக என் மகளும் கூட வருகிறாள். போன முறை அவள் கையால்தான் பூவைப் போட்டாள்.

ஒரு வேண்டுகோள். கடல் அமைதியாக இருக்கிற மாதங்களில் அங்கே சுழியோடப் போகிறவர்கள் இதை வாசித்தால், கீழே இருந்து எதையும் எடுத்துவராதீர்கள். ஒரு சின்னப் பித்தளைத் துண்டுகூட வேண்டாம்.