வாசகர் கேள்வி பதில்: 'பிரஷ்யா' என்றால் எந்த ஊர்?

கேள்வி: என் மருமகள் அமெரிக்காவில் விஸ்கான்சினைச் சேர்ந்தவள். அவளுடைய தாத்தாவின் தாத்தா 1868 வாக்கில் பிரஷ்யாவிலிருந்து வந்து எல்லிஸ் தீவில் இறங்கினாராம். அங்கே அதிகாரிகள் அவர் பெயரை மாற்றி எழுதிவிட்டார்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்காக இந்தக் குடும்ப வரலாற்றை முறையாக எழுதி வைக்க ஆசை. ஜெர்மனியில் அவருடைய சொந்த ஊரைக் கண்டுபிடிக்க எங்கே தொடங்க வேண்டும்?
வாசகி, மதுரை

பதில்: வீட்டில் சொல்லும் கதையிலிருந்தே தொடங்குவோம். எல்லிஸ் தீவு நிலையம் திறந்தது 1892 ஜனவரி 1 அன்று. 1868இல் நியூயார்க்குக்கு வந்திருந்தால், அவர் இறங்கிய இடம் மன்ஹாட்டனின் தென்முனையில் இருந்த காஸில் கார்டன். 1855 முதல் 1890 வரை அதுதான் நியூயார்க்கின் வரவேற்பு நிலையம். நியூயார்க்குக்குத்தான் வந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. பால்டிமோர் வழியாகவும் கனடாவின் கியூபெக் வழியாகவும் விஸ்கான்சின் போய்ச் சேர்ந்தவர்கள் ஏராளம்.

பெயரை அதிகாரி மாற்றினார் என்பதையும் விட்டுவிடுங்கள். பயணிகள் பட்டியல் கப்பல்காரர்கள் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தது. அமெரிக்க அதிகாரிகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். ம்யூல்லர் மில்லர் ஆனதும் ஷ்மிட் ஸ்மித் ஆனதும் பிற்பாடு, வேலையிடத்திலும் பள்ளியிலும் நிலப் பத்திரத்திலும் மெல்ல மெல்ல நடந்தவை. ஆகவே கப்பல் பட்டியலில் தேடும்போது பழைய ஜெர்மன் எழுத்துக்கூட்டலில் தேடுங்கள்.

இன்னொரு பெயர்ச் சிக்கலும் உண்டு. ஒரே வீட்டின் ஆண் பிள்ளைகள் எல்லாருக்கும் ஞானஸ்நானத்தில் 'யோஹான்' என்று முதலில் சேர்ப்பது ஜெர்மானியரிடம் சகஜம். கூப்பிடும் பெயர் இரண்டாவதுதான். அமெரிக்காவில் 'ஹென்றி'யாக வாழ்ந்தவர் ஊர்ப் பதிவேட்டில் 'யோஹான் ஹைன்ரிஷ்' என்று இருப்பார்.

இனி பிரஷ்யா. ரைன் நதிக்கு மேற்கிலிருந்து இன்று லிதுவேனியாவில் உள்ள மேமல் துறைமுகம் வரை பரந்திருந்த ராஜ்யம் அது. 1866இல் ஹனோவர், நசாவ், ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் முதலியவற்றையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அதனால் ஒரே மனிதர் 1870 சென்சஸில் 'ஹனோவர்' என்றும் 1880இல் 'பிரஷ்யா' என்றும் பதிவாகியிருக்கலாம். இரண்டும் சரியே. ஒரு சென்சஸோடு நிறுத்தாமல் அவர் வாழ்ந்த காலத்தின் எல்லா சென்சஸ்களையும் எடுத்துப் பாருங்கள். ஏதோ ஒன்றில் எழுதியவர் கொஞ்சம் கூடுதலாக விசாரித்திருப்பார்.

பிறப்பு, இறப்பை அரசே பதிவு செய்யும் முறை பிரஷ்யாவில் 1874 அக்டோபரிலும் ஜெர்மனி முழுவதற்கும் 1876இலும்தான் வந்தது. அதற்கு முன் பிறந்தவருக்குப் பெரும்பாலும் தேவாலயப் பதிவேடுதான் கதி, அது ஊர் ஊராக, சபை சபையாக இருக்கும். ஊர்ப்பெயரும் லுத்தரனா கத்தோலிக்கரா என்பதும் தெரியாமல் ஜெர்மனியில் தேடினால், அதே பெயருள்ள வேறு யாரையாவது பிடித்துக்கொண்டு வந்துவிடுவோம். இந்தத் தேடலில் மிக அதிகமாக நடக்கும் பிழை இதுதான். அந்த ஊர்ப்பெயர் பெரும்பாலும் அமெரிக்க ஆவணங்களில்தான் கிடைக்கும். அது கையில் வரும்வரை கடல் தாண்டாதீர்கள்.

அவருடைய மரணத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். விஸ்கான்சினில் மாநிலம் தழுவிய மரணப் பதிவு 1907 அக்டோபரிலிருந்து ஒழுங்காகக் கிடைக்கிறது; அதற்கு முந்தையது விட்டுவிட்டுத்தான் இருக்கும். மரணச் சான்றிதழில் 'தகவல் தந்தவர்' என்ற கட்டத்தைக் கட்டாயம் பாருங்கள். இறந்தவரின் தாய் தந்தை பெயரைச் சொன்னது பெரும்பாலும் மகனோ மருமகனோ. அந்தத் தாய் தந்தையை அவர்கள் கண்ணால் கண்டதே இல்லை. உள்ளூர் ஜெர்மன் மொழிப் பத்திரிகையில் வந்த மரணச் செய்தி இதைவிட மேல். ஊர்க்காரர்கள் படிக்கும் பத்திரிகை என்பதால் பிறந்த கிராமத்தையே குறிப்பிட்டிருப்பார்கள். ஆங்கிலப் பத்திரிகை 'ஜெர்மனியில் பிறந்தவர்' என்பதோடு நிறுத்திவிடும்.

எல்லாவற்றிலும் சிறந்தது அமெரிக்காவில் அவர் போன தேவாலயத்தின் பதிவேடு. பாதிரியாரே ஜெர்மனியிலிருந்து வந்தவராக இருந்தால், திருமண, அடக்கப் பதிவுகளில் பெயருக்குப் பின் 'அவுஸ்' என்று போட்டு ஊரை எழுதியிருப்பார். 'இந்த ஊரைச் சேர்ந்த' என்று பொருள். எழுத்து குர்ரென்ட் என்னும் பழைய கையெழுத்து. அதில் சிறிய 'e' எழுத்து பார்வைக்கு 'n' போலவே இருக்கும். 'u' எழுத்தின் தலைக்கு மேல் ஒரு சின்ன வளைகோடு இருக்கும், அதைப் புள்ளி என்று எடுத்துக்கொண்டால் ஊர்ப்பெயரே மாறிப்போகும். புரியாத சொல்லை அதே பாதிரியார் அதே பக்கத்தில் எழுதிய தெரிந்த பெயர்களோடு ஒப்பிட்டு எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

அவருக்கு ஊர் எழுதவில்லை என்றால் மனைவிக்கு, தம்பி தங்கைகளுக்கு, குழந்தைகளின் ஞானப்பெற்றோருக்கு, பக்கத்து நிலத்துக்காரருக்குப் பாருங்கள். ஒரே கிராமத்தவர் கூட்டமாக வந்து அடுத்தடுத்துக் குடியேறியதுதான் வழக்கம். கிடைத்த ஊரை 'மேயர்ஸ்' என்ற ஜெர்மன் ஊர் அகராதியில் தேடுங்கள். 1912இல் வெளியான அது இணையத்தில் இலவசம். அந்த ஊரிலேயே தேவாலயம் இருந்ததா என்பது அதில் தெரியும்; இல்லையென்றால் பக்கத்து ஊர்த் தேவாலயங்களைப் பாருங்கள். 'நோய்ஷ்டாட்' போன்ற பெயரில் பல ஊர்கள் இருக்கும். மனைவியின் ஊரும் ஞானப்பெற்றோரின் ஊரும் எதன் அருகே இருக்கின்றனவோ, அந்த நோய்ஷ்டாட்டை முதலில் எடுங்கள்.

1900 சென்சஸ் இந்தத் தேடலுக்குத் தூண் போன்றது. பிறந்த மாதமும் ஆண்டும், அமெரிக்கா வந்த ஆண்டு, பெண்களுக்கு எத்தனை குழந்தை பிறந்து எத்தனை உயிரோடு என்பது வரை இருக்கும். வந்த ஆண்டை மட்டும் முன்பின் மூன்று ஆண்டு தள்ளி வைத்தே நம்புங்கள். 1890 சென்சஸைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 1921இல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தால் அநேகமாக முழுதும் போய்விட்டது.

குடியுரிமைத் தாள்களில் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். 1906 செப்டம்பருக்கு முன் எந்த நீதிமன்றத்திலும் மனுப் போடலாம், படிவமும் ஆளுக்கொரு விதம். ஊர் இருக்காது, 'இனி இவருக்கு விசுவாசமில்லை' என்று அவர் எழுதிக்கொடுத்த பழைய மன்னரின் பெயர்தான் இருக்கும். விஸ்கான்சினில் 1908 வரை 'குடியுரிமை பெற விரும்புகிறேன்' என்ற முதல் மனு போட்டாலே ஓட்டுரிமை உண்டு என்பதால் பலர் அதோடு நின்றுவிட்டார்கள். ஆனால் 1862 ஹோம்ஸ்டெட் சட்டத்தின் கீழ் அரசு நிலம் பெற்றவரென்றால் அந்தக் கோப்பை வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து கட்டாயம் வரவழையுங்கள். நிலத்துக்கு விண்ணப்பிக்க முதல் மனுவாவது போட்டிருக்க வேண்டும், அதைச் சொந்தமாக எழுதி வாங்கக் குடியுரிமையே பெற்றிருக்க வேண்டும், அதனால் எந்த நீதிமன்றம், எந்தத் தேதி என்பது கோப்பிலேயே இருக்கும்.

கேள்வி: ஹாம்பர்க் கப்பல் பட்டியலில் நான் தேடும் பெயரிலேயே நான்கு பேர் இருக்கிறார்கள். எங்களவர் யார் என்று எப்படி முடிவு செய்வது?
வாசகர், சிங்கப்பூர்

பதில்: பெயரை மறந்துவிட்டுக் குடும்பத்தைப் பாருங்கள். மனைவி, பிள்ளைகள், அவரவர் வயது, இந்த வரிசை அடுத்த சென்சஸில் உள்ள வரிசையோடு பொருந்த வேண்டும். தனியாக வந்த இளைஞர் என்றால் பட்டியலில் மேலும் கீழும் பத்து பெயர்களைப் பாருங்கள்; அதே ஊரைச் சொன்னவர்கள் பிற்பாடு அவருக்கு அண்டைவீட்டாராக இருக்கிறார்களா என்பதே நல்ல சோதனை. ஹாம்பர்க் பட்டியல்கள் 1850 முதல் 1934 வரை உள்ளன. நேரே அமெரிக்கா போனவர்களுக்கு ஒன்று, ஹல், லிவர்பூல் போல இடைத்துறைமுகம் வழியே போனவர்களுக்கு வேறொன்று. இரண்டையும் பார்க்க வேண்டும். அதில் எழுதியிருப்பது கடைசியாக வசித்த ஊர்; பிறந்த ஊராக இல்லாமலும் போகலாம்.

நால்வரும் பொருந்தவில்லை என்றால் பிரேமனில் கப்பல் ஏறியிருக்கலாம். பிரேமனின் 19ஆம் நூற்றாண்டுப் பட்டியல்கள் அழிந்துவிட்டன. இடமில்லை என்று அவர்களே கழித்தவை பாதி, போரில் போனவை மீதி. அப்போது அமெரிக்கத் துறைமுகப் பட்டியல்தான் மிச்சம். 1819 சட்டத்தால் 1820 முதல் அவை இருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் நாட்டின் பெயர் மட்டுமே இருக்கும்.

கேள்வி: அயர்லாந்தின் சென்சஸ் எல்லாம் எரிந்துவிட்டதாமே? பாஸ்டனுக்குப் பஞ்ச காலத்தில் வந்த ஒரு குடும்பத்தைத் தேடுகிறோம்.
வாசகி, சென்னை

பதில்: 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தது உண்மை. ஆனால் கத்தோலிக்கப் பங்குகளின் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி 'பங்கு') பதிவேடுகள் அங்கே இல்லை, தப்பிவிட்டன. அயர்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் பக்கங்களை இலவசமாகப் பார்க்கலாம். 1847 முதல் 1864 வரை நிலமும் வீடும் வைத்திருந்தவர்களைக் கணக்கெடுத்த கிரிஃபித் மதிப்பீடும் இலவசம். அதற்கும் முன் 'பாஸ்டன் பைலட்' பத்திரிகையின் 'காணாமற்போன நண்பர்கள்' விளம்பரங்களைத் தேடுங்கள். 1831 முதல் 1921 வரை வந்தவை. உறவினரைத் தேடியவர்கள் மாவட்டம், பங்கு வரை கொடுத்திருப்பார்கள்.

கேள்வி: நார்வேயிலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவருக்கும் மூன்று குடும்பப் பெயர். பதிவுப் பிழையா?
வாசகர், டொராண்டோ

பதில்: பிழை இல்லை. தந்தை லார்ஸ் என்றால் ஆண் பிள்ளைகள் எல்லாம் லார்சன். அதற்குப் பின் வசித்த பண்ணையின் பெயரும் வரும். பண்ணை மாறினால் அதுவும் மாறும். அமெரிக்காவில் ஒருவர் லார்சனை வைத்துக்கொண்டார், மற்ற இருவர் ஆளுக்கொரு பண்ணைப் பெயரை வைத்துக்கொண்டார்கள் என்று கொண்டு தேடுங்கள். உங்களுக்கு இது நல்லதே. பண்ணையின் பெயர் தெரிந்தால் பங்கு தெரிந்துவிடும். நார்வேயின் 1865 சென்சஸும் தேவாலயப் பதிவேடுகளும் அரசின் டிஜிட்டல் காப்பகத்தில் இலவசம்.

கேள்வி: இணையத்தில் யாரோ போட்ட வம்ச மரத்தில் ஏழு தலைமுறை இருக்கிறது. அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?
வாசகர், கோவை

பதில்: எடுத்துக்கொள்ளாதீர்கள், குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் மூலப் பக்கத்தின் படத்தை நீங்களே திறந்து பாருங்கள். ஞானஸ்நானப் பதிவு கிடைத்ததும் அதே பதிவேட்டின் அடக்கப் பகுதியை அடுத்த பத்து ஆண்டுகளுக்குப் புரட்டுங்கள். இறந்த குழந்தையின் பெயரையே அடுத்து பிறந்த குழந்தைக்கு வைப்பது அக்காலத்தில் சாதாரணம். இணையத்து மரங்களில் 'முன்னோர்' என்று உட்கார்ந்திருப்பவர்களில் சிலர் இரண்டு வயதில் இறந்துபோன அண்ணன்கள்.