ஈரலில் கட்டி, பயாப்சியில் புற்றணு இல்லை: அடுத்து என்ன கேட்பது?

உங்கள் அப்பாவின் ஈரலில் ஸ்கேனில் கட்டி தெரிந்து, பயாப்சியில் (ஊசியால் திசுத் துண்டு எடுத்துப் பார்க்கும் சோதனை) அழற்சி மட்டும்தான், புற்றணு இல்லை என்றால், அவருக்கு ஈரல் புற்றுநோய்தான் என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். ஆக்டினோமைகோசிஸ் என்ற அரிய பாக்டீரியா தொற்றும் ஸ்கேனில் அச்சு அசலாகப் புற்றுநோய் போலவே தெரியலாம். காய்ச்சலும் எடை குறைவும் இரண்டிலும் வரும்.

கல்ச்சரில் (கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) ஒன்றும் வளரவில்லை என்பதை வைத்து இந்தத் தொற்று இல்லை என்று தள்ளிவிட முடியாது. இந்தக் கிருமி ஆக்சிஜன் இல்லாத சூழலில்தான் நன்றாக வளரும், அதுவும் மெதுவாக. 2, 3 வாரம்கூட ஆகும். முன்பே ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் வளராமலே போகலாம்.

அதனால் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்: அதே பயாப்சித் துண்டில் கிருமியைக் காட்டும் கிராம் சாயமும் வெள்ளிச் சாயமும் போட்டு, 'கந்தகத் துகள்கள்' எனப்படும் கிருமிக் கொத்துகள் இருக்கிறதா என்று பார்த்தார்களா? (மஞ்சள் நிறத்தால் வந்த பெயர் அது.)

ஒன்று மட்டும் கவனம். ஊசி சரியான இடத்தில் படாமல் புற்றுநோய் தப்பியிருக்கவும் வாய்ப்பு உண்டு. சந்தேகம் தீராவிட்டால் மறு பயாப்சிக்குத் தயங்காதீர்கள். தொற்றுதான் என்று உறுதியானாலும் பெனிசிலின் வகை மருந்து பல மாதம் தொடரும். கட்டி சுருங்குகிறதா என்று ஸ்கேனில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.